மலை சூழ்ந்த திராட்சை நாடுகள் இரண்டு
கம்பம் பள்ளத்தாக்கும் தாவோ நாடும் கூட்டுறவாளருக்குக் கூறும் செய்தி

பவானி என்றதும் ஜமக்காளம் நினைவுக்கு வருகிறது. சேலம் என்றால் மாம்பழம். காஞ்சிபுரம் என்றால் பட்டு. ஓர் ஊரின் பெயர் ஒரு பண்டத்தின் பெயரோடு இவ்வாறு பிணைந்து நிற்பது ஒரு நாளில் நிகழ்வதன்று. மண்ணும் நீரும் காற்றும் ஒத்துழைக்க வேண்டும். அவற்றினும் மேலாக, பல தலைமுறை மக்கள் ஒரே தொழிலில் மனம் ஊன்றி நிற்க வேண்டும். அங்ஙனம் ஈட்டிய பெயர் ஊர்ப் பொதுச்சொத்து. பொதுச்சொத்துக்கு உள்ள இடையூறு இதற்கும் உண்டு: அனைவரும் அனுபவிப்பர், காப்பது யார் என்று கேட்டால் விடை கூறுவார் இலர்.

இக்கேள்வியை ஆராய நாம் இம்மாதம் எடுத்துக்கொண்ட பொருள் திராட்சை. நெசவாளரும் பருத்தி, தென்னை பயிரிடுவோரும் படிக்கும் இப்பத்திரிகையில் திராட்சைக்கு என்ன வேலை என்று உறுப்பினர்கள் வினவலாம். நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில், தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில், திராட்சைப் பந்தல்கள் இருந்ததை நம்மில் பலர் அறிவோம். ஆனால் நாம் திராட்சையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவன்று. மலைகள் சூழ்ந்த இரு நாடுகளில், ஒரே கொடி, இருவேறு வகையில் மக்களை வாழவைத்த வரலாற்றில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் மேன்மையும் தாழ்வும் ஒருங்கே அடங்கியுள்ளன. அது சாமளாபுரத்துக்கும் பயன்படும் பாடம்.

பள்ளத்தாக்கின் இயல்பு

தேனி மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. மேற்கே ஏலக்காய் விளையும் கேரள மலைகள். கிழக்கிலும் தெற்கிலும் மேகமலைத் தொடர். இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் எனப் பசுமையான ஊர்கள் வரிசையாய் அமைந்திருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் கடுமழையை மேற்கு மலைகள் பெரிதும் தடுத்துக்கொள்கின்றன. அம்மலைகளின் குளிர்ச்சி மட்டும் பள்ளத்தாக்கில் இறங்குகிறது.

நீர் வந்த கதையோ வியப்புக்குரியது. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றை அணையிட்டுத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கு நோக்கித் திருப்பினார் பென்னிகுயிக் என்னும் பொறியாளர். 1895ஆம் ஆண்டு அந்நீர் இப்பள்ளத்தாக்கு வழியாக வையையை அடைந்தது. அதன் பின்னரே அங்கு இருபோக நெல்லும் வாழையும் தென்னையும் உறுதியாக நிலைபெற்றன. பென்னிகுயிக்கின் பெயரை அப்பகுதி மக்கள் இன்றும் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்குகின்றனர் என்றால், நீரின் அருமை அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இந்நிலத்தில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி முதலிய ஊர்களில் திராட்சைப் பந்தல்கள் பரந்து கிடக்கின்றன. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் கொடியைப் படரவிடுகின்றனர். பந்தலின் கீழ் நின்று நோக்கினால் இலைக்கூரையில் கருநீலக் குலைகள் தொங்கும் காட்சி கண்ணுக்கு விருந்து.

பன்னீர்த் திராட்சை

அங்கு பெரிதும் விளைவது பன்னீர்த் திராட்சை. அறிஞர் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். வடபுலத்தில் குலாபி என்ற பெயரும் உண்டு. இரண்டு பெயர்களும் அதன் மணத்தைச் சுட்டியே எழுந்தவை என்பது வெளிப்படை. விதையுள்ளது, சாறு மிகுந்தது, இனிப்போடு மெல்லிய புளிப்பும் கலந்தது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்ற செய்தி வழங்கி வருகிறது.

ஐரோப்பியக் குளிர்நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்துக் கொடிக்கு உறக்கம் இல்லை. அதை எழுப்புவதும் காய்க்கவைப்பதும் கவாத்துக் கத்தியே. கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை பழுக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றிக்கொள்வதால் ஆண்டில் எந்த மாதத்திலும் பள்ளத்தாக்கில் எங்கேனும் ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். மகாராட்டிரத்திலும் கருநாடகத்திலும் பெரும்பாலான அறுவடை தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில் முடிந்துவிடுகிறது. ஏனைய மாதங்களில் சந்தைக்குப் பழம் தர இயலுவது கம்பத்தின் தனிச்சிறப்பு.

ஆனால் ஒவ்வொரு சிறப்புக்கும் ஒரு விலை உண்டு. ஓயாமல் காய்க்கும் கொடிக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். பூக்கும் வேளையில் மழை பெய்தால் அடிச்சாம்பல் நோய் பரவிக் குலைகள் கருகும். போர்டோக் கலவை முதலிய மருந்துகளைத் தெளித்தபடியே இருக்க வேண்டும். பழமும் மென்மையானது, நெடுந்தொலைவு போக ஏற்றதன்று. அறுத்த பழத்தை வைத்திருக்க இயலாதவன் அன்றைய விலைக்கு அடிபணிந்தே ஆக வேண்டும். வடக்கிலிருந்து விதையில்லாத் திராட்சை சந்தையில் வந்து குவியும் மாதங்களில் பன்னீர்த் திராட்சையின் விலை சரிவது வழக்கம். வியாபாரி தோட்டத்துக்கே வந்து விலை பேசுகிறார். குடியானவரோ மறுநாள் மழை வருமோ என்று வானத்தைப் பார்க்கிறார். இருவரில் பேரம் யார் பக்கம் சாயும் என்பது உறுப்பினர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதன்று.

இந்நிலையில் இரண்டு நன்மைகள் நேர்ந்தன. 2012இல் ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் என்ற பெயரைப் பிற ஊர்ப் பழத்துக்குச் சூட்டி விற்கக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கும் நிலை ஏற்பட்டது. இனி வேண்டுவது யாது? இதற்கு விடை காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டும்.

போர்ச்சுகலின் மலைநாடு

போர்ச்சுகல் நாட்டின் வடநடுப் பகுதியில், விசேயு என்னும் நகரைச் சூழ்ந்து, தாவோ என்ற நாட்டுப்புறம் உள்ளது. அங்கு ஓடும் ஆற்றின் பெயரே நாட்டுக்கும் ஆயிற்று. எஸ்திரேலா, கரமூலோ, புசாக்கோ முதலிய மலைகள் நாற்புறமும் கோட்டைமதில் போல நிற்கின்றன. அட்லாண்டிக் கடலின் ஈரக்காற்றை அவை தடுக்கின்றன. உள்நாட்டுக் கொடுங்காற்றையும் தணிக்கின்றன. மாரியில் குளிரும் மழையும், கோடையில் வறண்ட வெப்பம், இரவில் மலைக்குளிர்ச்சி. மண்ணோ கருங்கல் பொடிந்த மணற்பாங்கு, வளம் குறைந்தது. பைன் மரக்காடுகளுக்கு இடையே, ஒட்டுத்துணி ஒட்டினாற்போலச் சிறுசிறு துண்டுகளாகத் திராட்சை நிலங்கள் சிதறிக் கிடக்கின்றன.

வளமற்ற மண்ணில் கொடி குறைவாகக் காய்க்கும். ஆனால் காய்த்த பழத்தில் சாரம் மிகும். இரவின் குளிர் பழத்தின் புளிப்பைக் காக்கும். தூரிகா நாசியோனால், அல்புரோசெய்ரோ, ஜாயன் என்னும் கறுப்புத் திராட்சை வகைகளிலிருந்து அவர்கள் வடிக்கும் செம்மதுவுக்கு உறுதியும் மணமும் நீடித்துக் கெடாத தன்மையும் உண்டு என்று அறிந்தோர் போற்றுவர். தூரிகா நாசியோனால் என்ற வகை தாவோவிலேயே தோன்றியது என்று கருதுவோர் பலர்.

மது அருந்துமாறு நம் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைப்பது நம் நோக்கமன்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்குக் கண்ட நாடு இது. குடியால் குடும்பங்கள் அழிவதைத் தறிக்கூடத்து மக்கள் அறிவர். நாம் நோக்குவது அந்நாட்டுக் குடியானவரின் பிழைப்பையும் அவர்தம் சங்கத்தின் வரலாற்றையுமே.

போர்ச்சுகல் அரசு 1908இல் தாவோவின் எல்லையை வரையறுத்துச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் தூரோ என்னும் மற்றொரு மலைப்பகுதிக்கு 1756இலேயே இத்தகைய எல்லை வகுக்கப்பட்டிருந்தது. நம் நாட்டில் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. நாம் இப்போது ஏறும் படியில் அவர்கள் நெடுங்காலம் முன்னரே கால் வைத்துவிட்டனர். ஆகவே அவர்கள் வழுக்கிய இடத்தையும் நாம் அறிந்துகொள்வது நலம்.

சங்கமே சுமையான கதை

சலாசார் ஆட்சியில், 1940களில், அந்நாட்டரசு ஓர் ஏற்பாடு செய்தது. தாவோவில் நிலத்துண்டுகள் சிறியன, குடியானவர் எளியர், தனித்தனியே மது வடிக்கப் பொருள் இல்லாதவர். ஆதலின் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, பெரிய தொட்டிகள் கட்டி, எல்லோருடைய பழத்தையும் ஓரிடத்தில் வாங்குவது என்று முடிவாயிற்று. காலப்போக்கில் பத்துச் சங்கங்கள் எழுந்தன. இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிறியோர் ஒன்றுகூடிப் பெரிய கருவியைச் சொந்தமாக்கிக்கொள்வதே கூட்டுறவு.

பிழை அடுத்த அடியில் நேர்ந்தது. குடியானவரிடம் பழம் வாங்கும் உரிமை சங்கங்களுக்கு மட்டுமே உண்டு என்று சட்டம் விதித்தது. தனியார் எவரும் பழத்தை வாங்கி வடிக்க இயலாது; சங்கம் வடித்து முடித்த மதுவையே வாங்கி, தம் பெயர் ஒட்டி விற்க வேண்டும். குடியானவருக்கு வேறு போக்கிடம் இல்லை. வணிகருக்கும் வேறு வழி இல்லை. சங்கத்துக்கு உறுப்பினர் மனநிறைவு பற்றிய கவலையும் இல்லை, சந்தையில் போட்டி பற்றிய கவலையும் இல்லை.

விளைவு எப்படி இருந்தது? மலைச்சரிவில் குலை குறைத்து, பழுக்கும் நாள் பார்த்து அறுத்தவருடைய பழமும், பள்ளத்தில் நீர் பாய்ச்சி எடை ஏற்றியவருடைய பழமும் ஒரே தொட்டியில் விழுந்தன. உயர்ந்ததற்குத் தக்க விலை கிடைக்காதபோது உயர்ந்ததைத் தர எவர் முன்வருவர்? வடித்த மதுவை நெடுங்காலம் வைத்திருந்து பழச்சுவை மங்கித் துவர்ப்பே மேலோங்கிற்று என்று அக்காலத் தாவோ மதுவைப் பற்றி எழுதினோர் குறைகூறினர். மண் மாறவில்லை, மலை மாறவில்லை, கொடியும் மாறவில்லை. பெயர் மட்டும் ஒளி குன்றிற்று.

1986இல் போர்ச்சுகல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அக்கூட்டமைப்பின் விதிகளுக்கு இத்தனியுரிமை முரணானது என்று கண்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதனை நீக்கினர். அதன் பின்னர் சிறு நிலக்கிழார் பலர் தம் தோட்டத்துப் பழத்தைத் தாமே வடித்துத் தம் பெயரில் விற்கத் தொடங்கினர். ஒவ்வொரு சரிவின் குணமும் தனித்தனியே தெரியலாயிற்று. தாவோவின் பெயர் மீண்டும் ஒளி பெற்றது. கூட்டுறவுச் சங்கங்கள் எல்லாம் மறைந்துபோகவில்லை. ஆனால் உறுப்பினரின் பழத்தை உரிமையாகப் பெறும் நிலை போய், தகுதியால் பெற வேண்டிய நிலை வந்தது.

வாயிலில் அளந்து பார்த்தல்

இக்கதையைக் கேட்டதும், பார்த்தீர்களா, கூட்டுறவு வேண்டாத ஒன்று என்று சிலர் முடிவுகட்டக் கூடும். அம்முடிவை நாம் ஏற்கவில்லை. தாவோவில் தோற்றது மேலிருந்து இறக்கிவைத்த கட்டாயம். உறுப்பினர் விரும்பிச் சேர்ந்து, விரும்பாவிடில் விலகக்கூடிய கூட்டுறவு வேறு. மதில் எழுப்பி உள்ளே அடைத்த கூட்டுறவு வேறு. பின்னதற்குப் பெயர் சங்கம், நடப்பது ஏகபோகம்.

நம் நாட்டிலேயே மாற்று உதாரணம் உண்டு. 1946இல் குசராத்தின் கேடா மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர் தம் ஒன்றியத்தை அமைத்தனர். பின்னர் நாடெங்கும், நம் ஆவின் சங்கங்கள் உட்படப் பரவிய முறையின் உயிர்நாடி யாது? சங்கத்து வாயிலிலேயே ஒவ்வொருவர் பாலையும் சோதித்து, கொழுப்புச் சத்துக்கும் ஏனைய திடச்சத்துக்கும் ஏற்ப விலை கொடுப்பது. ஒரு மாடு வைத்திருக்கும் கைம்பெண்ணின் நல்ல பால், பத்து மாடு வைத்திருப்பவரின் தண்ணீர்ப் பாலுக்கு ஈடுகட்டப் பயன்படவில்லை. எல்லாப் பாலும் கடைசியில் ஒரே பாத்திரத்தில் கலப்பது உண்மையே. ஆயினும் கலப்பதற்கு முன்பு அளந்தாயிற்று, அளந்ததற்கு விலையும் எழுதியாயிற்று. தாவோவின் தொட்டிக்கும் ஆவின் பாத்திரத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நம் மாவட்டமும் இதில் முன்னோடி என்பதை இளைஞர் பலர் அறியார். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தின் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரிலேயே, பருத்திக்காக ஏற்பட்டது. எடையில் ஏமாற்று, கழிவு என்ற பெயரில் பிடித்தம், துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துப் பேசும் மறைவிலை ஆகியவற்றிலிருந்து குடியானவரைக் காப்பதே அத்தகைய கூடங்களின் நோக்கம். நேர்மையான தராசு இருக்கும் இடத்தில்தான் நல்ல சரக்கு தைரியமாக வந்து நிற்கும்.

பதிவு மட்டும் போதுமா?

மீண்டும் கம்பத்துக்கு வருவோம். புவிசார் குறியீட்டைப் பதிவுசெய்யும் அலுவலகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. நாடு முழுவதற்கும் அது ஒன்றே. பதிவு பத்தாண்டுக்கு நிற்கும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் பதிவான பெயரைத் தம் சரக்கின்மீது பொறிக்க விரும்பும் ஒவ்வொரு விளைவிப்பாளரும் தனித்தனியே அனுமதி பெற்ற பயனாளராகத் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பலர் கருதுவதில்லை. பெயர் பதிந்தாகிவிட்டது என்று மகிழ்ந்து, பயனாளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்காதவர், வீடு கட்டிப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவருக்கு ஒப்பாவார்.

அதற்கும் மேலான ஒன்று உண்டு. சட்டம் வெளியாரின் போலியைத் தடுக்கும்; உள்ளூராரின் சோம்பலைத் தடுக்காது. பழுக்காத குலையை அவசரத்தில் அறுத்துக் கூடையின் அடியில் இட்டு, மேலே நல்ல குலை பரப்பி அனுப்பினால், கம்பம் என்ற எழுத்து அக்கூடையைக் காப்பாற்றாது. மகாராட்டிரத் திராட்சைக் கூட்டுறவுகள் 1991இல் ஒன்றுசேர்ந்து மகாகிரேப்ஸ் என்ற ஏற்றுமதி அமைப்பை நிறுவின. அயல்நாட்டுச் சந்தையின் கடுமையான தரவிதிகளுக்கு ஏற்ப அறுவடையையும் குளிரூட்டலையும் பொதியலையும் கற்றுத் தேர்ந்த பின்னரே அவற்றின் பழம் அங்கு நிலைபெற்றது. பெயர் கதவைத் திறக்கும். உள்ளே அமர இடம் தருவது தரம்.

கம்பத்துக் குடியானவருக்கு அவசர விற்பனையிலிருந்து விடுதலை வேண்டுமெனில், குளிர்கூடமும் பழச்சாறு, பழப்பாகு, உலர்பழம் செய்யும் வசதியும் கூட்டாக வேண்டும். வாங்குவோர் ஒருவர் அல்லர், பலர் இருக்க வேண்டும். சங்கம் அவ்வாங்குவோரில் ஒருவராக நின்று, தரம் பிரித்து விலை கொடுத்தால், ஏனையோரும் அவ்விலையை எட்டிப் பிடிக்க வேண்டிவரும். ஏகபோகமாக இருப்பதினும், ஏகபோகத்தை உடைக்கும் கருவியாக இருப்பதே சங்கத்துக்குப் பெருமை.

நம் தறிக்கும் நிலத்துக்கும்

இனி நம் ஊர்ப் பக்கம் பார்ப்போம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும், கரிசல் மண்ணும், நொய்யலும் அதன் குளங்களும் நம் நாட்டின் இயல்பை வகுத்தவை. பருத்தி இங்கு வேரூன்றியதும் தறி இங்கு நிலைத்ததும் தற்செயல் அல்ல. 1974இல் கோயம்புத்தூரில் உருவாகி வெளியான சுவின் என்னும் மிக நீண்ட இழைப் பருத்தி உலகின் உயர்ந்த இழைகளுடன் ஒப்பவைத்துப் பேசப்பட்டது. ஆயினும் அதன் பரப்பு மிகச் சுருங்கிப்போயிற்று. நெடுநாள் பயிர், குறைந்த விளைச்சல், கூடுதல் உழைப்பு. அதற்கு ஈடான விலை உறுதியாகக் கிடைக்காதபோது குடியானவர் வேறு வகைக்கு மாறினார். அவரைக் குறைகூற இயலுமா? தாவோவின் சரிவில் நடந்ததே இங்கும் நடந்தது.

தறிக்கும் இதுவே நியாயம். சாமளாபுரம், சோமனூர், மங்கலம் வட்டாரத்தில் விசைத்தறியாளர் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர். பாவு ஒருவருடையது, துணி ஒருவருடையது, நெய்தவருடைய பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. கூலி உயர்வு கேட்டு 2022இல் தறிகள் வாரக்கணக்கில் நின்றதை நாம் மறக்கவில்லை. ஒரே கூலி, எவர் நெய்தாலும் ஒரே கணக்கு என்ற நிலையில், ஊடை இழை குறையாமல், அறுந்த பாவை அன்றன்றே பிணைத்து, கறை படாமல் நெய்பவருக்கு என்ன மிச்சம்? நல்ல நெசவும் மட்டமான நெசவும் ஒரே கட்டில் சேர்ந்து வண்டியேறும்போது, அது திராட்சைத் தொட்டி போலத்தானே ஆகிறது?

பவானி ஜமக்காளத்துக்குக் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகியும், வெளியூர்த் தறிகளில் ஓட்டிய போலி விரிப்புகள் அப்பெயரில் விற்பனையாவதாகக் கைத்தறியாளர் வருந்துகின்றனர். பிறர் பெயரில் போலி நெய்யமாட்டோம் என்பது நம் விசைத்தறி உறுப்பினர்கள் ஏற்க வேண்டிய முதல் உறுதி. தன் பெயரை உலகம் மதிக்க வேண்டும் என்று விரும்பும் ஊர், பிற ஊரின் பெயரை மதித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே சங்கத்தின் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளை உறுப்பினர்கள் எழுப்பவேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதலாவது, சரக்கு உள்ளே வரும் வாயிலில், உறுப்பினர் முன்னிலையிலேயே, தரம் பார்த்து எழுதும் முறை உண்டா? இரண்டாவது, உயர்தரத்துக்கும் தாழ்ந்த தரத்துக்கும் இடையே உள்ள விலை வேறுபாடு, உயர்தரத்துக்கு ஆகும் கூடுதல் உழைப்பை ஈடுசெய்கிறதா? மூன்றாவது, நாளைக்கே உறுப்பினர் எவரும் வேறிடத்தில் விற்கலாம் என்று கதவு திறந்தால், எத்தனை பேர் சங்கத்திலேயே நிற்பர்?

மூன்றாவது கேள்வியே சங்கத்தின் உண்மையான தணிக்கை அறிக்கை. கதவு திறந்திருக்கும்போதும் உறுப்பினர் நின்றால் அது கூட்டுறவு. மலைகள் நாற்புறமும் சூழ்ந்து நின்று தாவோவின் கொடியைக் காத்தன. ஆனால் சட்டத்தால் எழுப்பிய மதில் அதன் குடியானவரைக் காக்கவில்லை. கம்பத்தார் இதனை அறிந்து தம் பெயரைக் காத்துக்கொள்வார்களாக. நாமும் நம் பாவிலும் ஊடையிலும் நம் பெயரைக் காத்துக்கொள்வோமாக.